பெற்றதைக் காத்தல்: மாற்று உறுப்பும் மருந்தாளுநரின் அறமும்

உறுப்பு மாற்று அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கான மருந்தோ அந்த உறுப்பு உழைக்கும் காலம் முழுவதும் தொடர்கிறது. சிறுநீரகமோ கல்லீரலோ இதயமோ பெற்ற ஒருவர், தம் உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கி வைக்கும் மாத்திரைகளை நாள் தவறாமல், வேளை தவறாமல் விழுங்க வேண்டும். எந்த மாத்திரை, எவ்வளவு, எந்த நேரம், எதனோடு சேரக் கூடாது என்பதை ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே ஆராய்ந்து, டாக்டருக்கு ஆலோசனை சொல்லி, நோயாளிக்கும் வீட்டாருக்கும் கற்றுக்கொடுத்து, ஆண்டுக்கணக்கில் கவனித்து வருபவர் கிளினிக்கல் பார்மசிஸ்ட் எனப்படும் மருத்துவமனை மருந்தாளுநர். சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பதோடு முடியும் வேலை இல்லை இது. வார்டில், படுக்கையருகே, புறநோயாளர் அறையில் நடப்பது.

இந்தப் பணியின் அடியில் ஒரு சமயக் கேள்வி இருக்கிறது. கொடுப்பவரின் அறத்தைத் தமிழ் மரபு நிறையவே பேசியிருக்கிறது. புறாவுக்காகத் தன் தசையை அரிந்த சிபியைச் சோழர் தம் முன்னோனாகக் கொண்டாடினர். காளத்தியில் தன் கண்ணைப் பெயர்த்து அப்பிய கண்ணப்பர் அறுபத்துமூவரில் ஒருவர். இக்கதைகளில் பெற்றுக்கொள்ளும் பக்கத்துக்குப் பின்கதை இல்லை. புறாவும் பருந்தும் தேவர்களாக மாறிவிடுகின்றன. கண்ணைப் பெற்றவர் இறைவன். மனிதர் ஒருவரின் உறுப்பை மனிதர் ஒருவர் பெற்று, அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு மறுநாள் காலை எழுந்து வேலைக்குப் போகும் நிலை பழைய நூல்களுக்குத் தெரியாதது. அப்படிப் பெற்றவருக்கு என்ன கடமை உண்டு? அதை அவர் ஒருவரே நிறைவேற்ற முடியுமா? மருந்தாளுநரின் அன்றாட வேலைக்குள் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை இருக்கிறது. அந்த விடையைச் சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் போன்ற ஒரு பட்டாசுத் தொழில் ஊரின் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கும்போது அது தெளிவாகிறது.

உடல் வகுக்கும் எல்லை

மாற்று உறுப்பை உடல் ஏன் மறுக்கிறது என்ற அறிவு தீக்காய வார்டில் பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விலங்கியலாளர் பீட்டர் மெடவாரும் அறுவை மருத்துவர் தாமஸ் கிப்சனும் கிளாஸ்கோ மருத்துவமனையில் தீக்காயத்தோடு கிடந்த ஒரு பெண்ணுக்கு, அவருடைய சகோதரரின் தோலைச் சிறு சிறு துண்டுகளாக ஒட்டினர். முதலில் பற்றிக்கொண்ட தோல் பின்னர் அழிந்தது. அதே சகோதரரின் தோலை இரண்டாம் முறை ஒட்டியபோது அது இன்னும் விரைவாக அழிந்தது. உடல் முதல் முறை கண்டதை மறக்கவில்லை என்பதை 1943-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எது தன்னுடையது, எது பிறருடையது என்று உடல் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்ற கேள்வியை ஆஸ்திரேலிய அறிவியலாளர் மக்ஃபார்லேன் பர்னெட் முன்வைத்தார். மெடவாரும் பர்னெட்டும் 1960-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பட்டாசு ஆலைப் பகுதிக்கு இந்த வரலாறு தொலைவானதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் இறந்தனர். அதற்கு முன்னும் பின்னும் சிறிதும் பெரிதுமாக விபத்துகள் நடந்திருக்கின்றன. பரந்த தீக்காயத்தின் மேல், இறந்தவர்களிடமிருந்து தானமாகப் பெற்ற தோலை மருத்துவர்கள் போர்த்துவதுண்டு. நீரிழப்பையும் கிருமித் தொற்றையும் அது சில வாரங்கள் தடுத்து நிற்கும். பிறகு உடல் அதைக் கழித்துவிடும். நிரந்தரமாக மூடுவதற்கு நோயாளியின் சொந்தத் தோல்தான் வேண்டும்.

தோலுக்கு நேர்வதே சிறுநீரகத்துக்கும் நேரும். 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்களுக்கு இடையே நடந்தது. அவர்கள் உடல்களுக்கு ஒருவரை ஒருவர் வேற்றாளாக அடையாளம் காணத் தெரியாது; அதனால்தான் அந்த உறுப்பு நிலைத்தது. மற்ற மனிதர்களுக்கு இந்த வழியைத் திறந்தவை மருந்துகள். கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகியோரின் ஆய்வகத்தில் பிறந்த அசாதயோபிரின் 1960களில் வந்தது. நார்வே நாட்டு மேட்டுநிலம் ஒன்றின் மண்ணில் கண்ட பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் எடுக்கப்பட்டது. அமெரிக்காவில் அதற்கு 1983-இல் அனுமதி கிடைத்தது. ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணிலிருந்த நுண்ணுயிரி ஒன்றில் டாக்ரோலிமஸ் 1984-இல் கண்டறியப்பட்டது. ஈஸ்டர் தீவின் மண் சிரோலிமஸைத் தந்தது. இந்தியாவில் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1971-இல் சிறுநீரக மாற்று வெற்றி கண்டது.

இங்கே தத்துவம் கவனிக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு. சைவ சித்தாந்தம் உடலை உயிரின் இயல்பாகக் கொள்வதில்லை. தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கும் மாயையிலிருந்து உயிருக்குத் தரப்பட்டவை என்பது அதன் கொள்கை. யான், எனது என்ற பற்று விடவேண்டிய கட்டு. பௌத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், நிலையான தான் என்ற ஒன்றே இல்லை என்கிறது. மனம் இந்த உண்மைகளை ஏற்றுப் பக்குவப்படலாம். உடலின் வெள்ளணுக்கள் பக்குவப்படுவதில்லை. யான், எனது என்ற கோட்டை அவை தம் போக்கில் வரைந்துகொள்கின்றன. பத்து மாதம் சுமந்த தாயே சிறுநீரகம் தந்தாலும், பிள்ளையின் உடல் அதை வந்தேறியாகவே பார்க்கும். பெற்றவரின் மனத்தில் நன்றி ததும்பலாம். அது ரத்தத்தை எட்டாது. அன்பு உறுப்பைத் தந்துவிட்ட பிறகும் உடலைச் சம்மதிக்க வைக்க மருந்து வேண்டியிருக்கிறது. ஆகையால் பெற்றவரின் அறம் ஓர் உணர்வாக மட்டும் இருந்துவிட முடியாது. ஒவ்வொரு நாளும் கையால் செய்து முடிக்கும் ஒழுக்கமாக அது இருந்தாக வேண்டும்.

மருந்தாளுநர் செய்வது

அந்த ஒழுக்கத்தை அமைத்துத் தருவது மருந்தாளுநரின் வேலை. அறுவைக்கு முன்பே அது தொடங்குகிறது. நோயாளி ஏற்கெனவே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், எதற்கு ஒவ்வாமை, மெடிக்கலில் தாமாக வாங்கிப் போடும் வலி மாத்திரை எது, நாட்டு மருந்து உண்டா என்று கேட்டுப் பட்டியல் எடுக்கிறார். எதிர்ப்பாற்றல் குறைந்த பிறகு உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள் ஆகாது என்பதால், போட வேண்டியவற்றை முன்கூட்டியே நினைவூட்டுகிறார்.

அறுவைக்குப் பிறகு டாக்ரோலிமஸ் போன்ற மருந்தின் அளவு பார்க்கும் வேலை. இதில் நன்மைக்கும் கேட்டுக்கும் இடையிலான வரப்பு மிகக் குறுகியது. ரத்தத்தில் குறைந்தால் உடல் உறுப்பைத் தாக்கும். கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். கை நடுங்கும், சர்க்கரை ஏறும். அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன் ரத்தம் எடுத்து அளப்பது முறை. சோதனை நாளன்று காலை மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தால் அந்த அளவீடு பயன்படாது. நாரணாபுரத்திலிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்கு மாத்திரை போடும் வழக்கமுள்ளவர் பஸ் பிடித்து வந்து ரத்தம் கொடுப்பதற்குள் நேரம் கடந்துவிடும். முந்தின இரவு மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுவது, காலை மாத்திரையைக் கையில் எடுத்து வந்து எப்போது விழுங்குவது என்பதைக்கூட ஒருவர் உட்கார்ந்து சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

நேரக் கணக்கில் இந்தப் பகுதிக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. நகரத்து நோயாளிக்குச் சொல்வதுபோல் 'போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரை இங்கே பலிக்காது. ஆலை வண்டி ஏறுமுன் ஒரு வேளை, வீடு திரும்பிய பின் ஒரு வேளை என்று பன்னிரண்டு மணி இடைவெளியைத் தொழிலாளியின் நாளுக்குள் பொருத்த வேண்டும். வேலைக்குத் திரும்பலாமா, திரும்பினால் ரசாயனத் தூள் பறக்கும் அறையைத் தவிர்த்து எந்த வேலைக்குப் போகலாம் என்பது டாக்டர் முடிவு செய்வது. அந்த முடிவுக்கு வேண்டிய தகவல்களைப் பல நேரம் மருந்தாளுநரிடம்தான் நோயாளி மனம் திறந்து சொல்கிறார்.

மருந்துகள் ஒன்றோடொன்று மோதும் இடங்கள் ஏராளம். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸின் அளவை அடியோடு குறைத்துவிடும்; வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயினும் அப்படியே. பூஞ்சைத் தொற்றுக்கான ஃபுளூகோனசோலும் பாக்டீரியாத் தொற்றுக்கான கிளாரித்ரோமைசினும் அதை ஏற்றிவிடும். அசாதயோபிரின் சாப்பிடுபவருக்கு யூரிக் அமிலத்துக்கென்று அலோபியூரினாலைச் சேர்த்துவிட்டால் எலும்பு மச்சை ஒடுங்கிப்போகும். உடல்வலிக்கு வாங்கும் டைக்ளோஃபெனாக் மாற்றுச் சிறுநீரகத்துக்கு நேரடிக் கேடு. பம்பளிமாஸ் பழமும் டாக்ரோலிமஸ் அளவைக் குலைக்கக்கூடியது. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்று சொல்லிக் குடிக்கும் சீந்தில் போன்ற மூலிகைகளை, எதிர்ப்புச் சக்தியை வேண்டுமென்றே அடக்கி வைத்திருப்பவர் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மைக்கோஃபீனோலேட் சாப்பிடும் பெண் கருவுற்றால் சிசுவுக்கு உறுப்புக் குறை நேரலாம். குழந்தை வேண்டுமென்றால் முன்னதாகவே திட்டமிட்டு வேறு மருந்துக்கு மாற வேண்டும். திருமணமான ஆண்டே குழந்தை எதிர்பார்க்கும் குடும்பங்களில் இதை மாமியாருக்கும் கணவனுக்கும் புரிய வைப்பது நீண்ட பேச்சு. அதற்கும் மருந்தாளுநர் நேரம் ஒதுக்க வேண்டும்.

அடைக்கலம், அமானிதம், உக்கிராணம்

பெற்றதைக் காக்கும் கடமைக்குத் தமிழ்ச் சமயங்களில் ஏற்கெனவே மொழி இருக்கிறது. ஒருவர் நம்பி ஒப்படைத்ததை உயிரைப்போல் பேணுவது அடைக்கல அறம். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். தமிழ் முஸ்லிம்கள் உடலை இறைவன் தந்த அமானிதம் என்பார்கள். திருப்பிக் கணக்குக் கொடுக்க வேண்டிய பொருள் அது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம்மை உடைமையாளராகக் கருதாமல், பிறர் பொருளைப் பொறுப்பேற்றுப் பேணும் உக்கிராணக்காரராகக் கருதப் பழகியவர்கள். சிவகாசி வட்டாரத்தில் இந்த மூன்று மரபினரும் ஒரே ஆலை வாசலில் வேலைக்குக் காத்திருப்பவர்கள்.

உறுப்பு மாற்றையும் இம்மரபுகள் தத்தம் வழியில் ஏற்றிருக்கின்றன. இஸ்லாமிய நாடுகளின் சட்ட அறிஞர் குழு 1988-இல் ஜித்தாவில் நிபந்தனைகளோடு அதை அனுமதித்தது. போப் இரண்டாம் ஜான் பால் 2000-ஆம் ஆண்டு ரோமில் கூடிய உறுப்பு மாற்று மருத்துவர்களின் மாநாட்டில் அதை அன்பின் செயலாகப் போற்றினார். பௌத்தம் தழைத்த இலங்கை, ஹட்சன் சில்வா தொடங்கிய கண் தான இயக்கத்தின் வழியே பல நாடுகளுக்குக் கண்களை அனுப்பியது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற இளைஞரின் உறுப்புகளை மருத்துவர்களான பெற்றோர் தானம் செய்தனர். அவருடைய இதயம் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. மாநிலம் முழுவதும் உறுப்பு தானம் பற்றிய பேச்சு வீடு வீடாகப் பரவியது அதன் பிறகுதான். உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது.

இறந்தவர் தரும் உறுப்பில் நன்றிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. யார் தந்தார் என்பது பெரும்பாலும் பெற்றவருக்குச் சொல்லப்படுவதில்லை. தெரிந்தாலும் திருப்பித் தர வழியில்லை. திருக்குறளின் செய்ந்நன்றி அறிதல் அதிகாரம், செய்த உதவியின் அளவைப் பெற்றவரின் பண்பை வைத்து மதிப்பிடச் சொல்கிறது. இங்கே அந்தப் பண்பைக் காட்டும் ஒரே இடம் மாத்திரை டப்பாதான். உறுப்பைக் காப்பதே கொடுத்தவருக்குச் செய்யும் கைம்மாறு.

ஆனால் நன்றியைச் சாட்டையாக்கும் ஆபத்தும் இருக்கிறது. 'அண்ணன் கிட்னியைத் தந்தானே, நீ ஒழுங்காக மாத்திரை போடக் கூடாதா' என்று வீட்டில் தினமும் கேட்கப்படும் பெண், ஒரு வேளை தவறிவிட்டால் அதை மறைக்கவே பழகுவாள். மறைத்த வேளைகள் சோதனைச் சாலையில் குழப்பமான எண்களாக வெளிப்படும். காரணம் தெரியாமல் டாக்டர் அளவைக் கூட்டுவார். கூட்டிய அளவை அவள் திடீரென்று ஒழுங்காக விழுங்கத் தொடங்கினால் மருந்து நஞ்சாகும். குற்றம் சாட்டாமல் கேட்பது மருந்தாளுநரின் தொழில் திறன். அதுவே அவருடைய அறமும். 'போன வாரம் எத்தனை வேளை தவறியது' என்று, தவறுவது இயல்பு என்ற தொனியில் கேட்பவருக்கு உண்மை கிடைக்கும்.

விரதமும் மாத்திரையும்

பெற்றவருக்குக் கடவுளிடமும் நேர்த்திக்கடன் இருக்கும். அறுவை நல்லபடியாக முடிந்தால் விருதுநகர் பராசக்தி மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கலில் அக்கினிச் சட்டி எடுப்பதாகவோ, இருக்கன்குடிக் கோயிலுக்கு நடந்து வருவதாகவோ வேண்டிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. எதிர்ப்பாற்றல் அடங்கிய உடலுக்கு நெரிசலும் வெயிலும் நீரிழப்பும் நெருப்பும் ஆபத்து. காய்ச்சாத நீரில் கரைத்த பானகமும் மோரும் தொற்றைக் கொண்டுவரலாம். இதைச் சொல்ல வேண்டியவர் நம்பிக்கையைக் கேலி செய்தால் நோயாளி அவரிடம் பேசுவதையே நிறுத்திவிடுவார். வீட்டார் ஒருவர் நேர்த்தியை ஏற்றுச் செய்வதும், நாள் தள்ளிச் செய்வதும், காணிக்கையாகச் செலுத்துவதும் மரபில் உள்ள வழிகளே. மருந்தாளுநர் உடலின் எல்லையைச் சொல்கிறார். அதற்குள் வழி காண்பது குடும்பமும் பூசாரியும்.

கந்தசஷ்டி விரதத்தில் ஆறு நாள் உணவைக் குறைப்பவர் மாத்திரையையும் குறைத்துவிடக் கூடாது. ரமலானில் விடியுமுன் உண்ணும் சஹர் நேரத்துக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் இடையே தமிழ்நாட்டில் சுமார் பதின்மூன்று மணி நேரம். இருவேளை மாத்திரையை அந்த இரு நேரங்களிலும் ஏறத்தாழப் பொருத்திவிடலாம். ஆனால் நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருப்பதை மாற்றுச் சிறுநீரகம் தாங்குமா என்பது வேறு கேள்வி. அதை டாக்டர் மட்டுமே முடிவு செய்யலாம். நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கும், ஏழைக்கு உணவளிக்கும் ஈடும் மார்க்கத்திலேயே இருக்கின்றன. அதை நினைவூட்ட ஜமாஅத்தின் ஆலிம் ஒருவரின் சொல், மருத்துவமனையின் சொல்லைவிட எளிதாக ஏற்கப்படும். நல்ல மருந்தாளுநர் அவரைத் துணைக்கு அழைப்பார்.

மருந்தின் உள்ளே இருக்கும் பொருளும் சமயக் கேள்வி எழுப்பும். டாக்ரோலிமஸ் பெரும்பாலும் ஜெலட்டின் கூட்டில் வருகிறது. ஜெலட்டின் மாடு, பன்றி ஆகியவற்றின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. சைக்ளோஸ்போரினின் ஒரு வகையில் ஆல்கஹால் உண்டு. அறுவை நேரத்தில் தரும் ஹெபாரின் பன்றிக் குடலிலிருந்தும், எதிர்ப்பணுக்களை ஒடுக்கும் ஓர் ஊசி முயலின் ரத்தத்திலிருந்தும் வருகின்றன. இதை நோயாளியிடம் சொல்ல வேண்டுமா, கேட்டால் மட்டும் சொல்லலாமா? உயிர் காக்கும் நிலையில் விலக்கப்பட்டதையும் ஏற்கலாம் என்ற விதி இஸ்லாத்தில் உண்டு. இந்து தர்ம நூல்கள் ஆபத்தர்மம் என்று அதைத் தனியே பேசுகின்றன. அப்படியிருக்க மறைப்பதற்கு அவசியம் இல்லை. அறுவைக்கு முன்பே, அவசரமில்லாத நேரத்தில் சொல்லிவிடுவதே முறை. பின்னாளில் வேறு யார் வழியாகவோ தெரியவரும் நோயாளி, சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிடக்கூடும். அப்போது இழப்பது ஒரு மனிதர் தந்த உறுப்பு.

நான்கு கூறுகளும் பொருளுடைமையும்

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் நின்று பணிசெய்பவர் என நான்கு கூறுகளாக மருத்துவத்தைப் பிரிக்கிறது. உரையாசிரியர் பரிமேலழகர் ஒவ்வொரு கூறுக்கும் நான்கு தகுதிகள் சொல்கிறார். பணிசெய்பவருக்கு அன்பு, தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் திறன், அறிவு ஆகியவை வேண்டும். மருந்தாளுநர் இந்த நான்காம் கூறில் நின்றுகொண்டே மூன்றாம் கூறாகிய மருந்தைப் பற்றிய ஆழ்ந்த அறிவையும் சுமப்பவர். தேர்ந்த அறிவும் அருகிருக்கும் அன்பும் ஒருவரிடமே சேர வேண்டிய இடம் அது.

நோயாளிக்குச் சொல்லப்படும் தகுதிகளில் மூன்று அவர் கையில் உள்ளவை: மருத்துவர் சொற்படி நடத்தல், நோய்நிலையை மறைக்காமல் சொல்லுதல், மருந்தின் துன்பத்தைப் பொறுத்தல். இன்னொன்று பொருளுடைமை. நாரணாபுரத்தில் இந்தத் தகுதிதான் முதலில் இடறுகிறது. சரம் பின்னுபவருக்கும் திரி செருகுபவருக்கும் பெரும்பாலும் எண்ணிக்கைக் கூலி. தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் சில வாரங்கள் மூடிக் கிடக்கும். மழைக்காலத்தில் வேலை குறையும். ஆலைப் பதிவேட்டில் பெயர் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு, இல்லாதவருக்கு அதுவும் இல்லை. கூலி இல்லாத வாரத்தில் இரண்டு மாத்திரை ஒன்றாகிறது, ஒன்று பாதியாகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் இதை அலட்சியம் என்பார். உண்மையில் அது அரிசிக்கும் மாத்திரைக்கும் இடையே ஒரு தாய் எடுத்த முடிவு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மாற்று அறுவைச் செலவை ஏற்கிறது. அறுவைக்குப் பிந்திய ஆண்டுகளிலும் மருந்து தடையில்லாமல் கைக்கு வரவேண்டும். அந்தத் தொடர்ச்சியைக் கவனிப்பதும் மருந்தாளுநர்தான். எந்த மருந்து எந்தக் கவுண்டரில் கிடைக்கும், இருப்பு தீருமுன் எப்போது வரவேண்டும், கம்பெனி மாறி வந்த டாக்ரோலிமஸைப் போட்டபின் ரத்த அளவு பார்த்தார்களா என்று அவர் பின்தொடர்கிறார்.

பொருளில்லாமை கொடுப்பவர் பக்கத்தையும் சிதைக்கும். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்திய ஆய்வு 2002-இல் வெளியானது. அவர்களில் 96 விழுக்காட்டினர் கடன் அடைக்கவே விற்றனர். விற்ற பிறகு குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இன்னொருவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம் என்று 79 விழுக்காட்டினர் சொன்னார்கள். விற்பனையைத் தடுக்கும் சட்டம் 1994-இலேயே வந்துவிட்டது. இருந்தும், கடன் ஒருவரை உறுப்பை இழக்கச் செய்கிறது. வறுமை இன்னொருவரைப் பெற்ற உறுப்பை இழக்கச் செய்கிறது. அடைக்கல அறம் தனி மனிதரின் ஒழுக்கத்தோடு நின்றுவிடாது. பொருளுடைமை என்ற தகுதியைச் சமுதாயம் சேர்ந்து தராவிட்டால், மற்ற மூன்று தகுதிகளையும் நோயாளியிடம் கேட்க அதற்கு உரிமை இல்லை.

உறுப்பு தோற்கும்போது

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் சில உறுப்புகள் தோற்கும். மெல்ல வளரும் மறுப்பு, வைரஸ் தொற்று, பழைய நோயே திரும்புதல் எனக் காரணங்கள் பல. அப்போது விதி என்ற சொல் வீட்டில் எழும். திருக்குறளில் ஊழின் வலிமையைச் சொல்லும் அதிகாரம் உண்டு. விடாத முயற்சியைச் சொல்லும் ஆள்வினையுடைமையும் உண்டு. இரண்டையும் ஒரே நூலில் வைத்த மரபு, முயற்சிக்கு முன் ஊழைப் பேசச் சொல்லவில்லை. மாத்திரை போடும் வேளையில் ஊழைச் சொல்லிக் கையை விடுவது தவறு. முழு முயற்சிக்குப் பின்னும் தோல்வி வந்தால் அதை நோயாளியின் பாவமாகவோ பூர்வஜன்மப் பலனாகவோ பேசுவது அதைவிடப் பெரிய தவறு.

மாதரி இங்கே நினைவுக்கு வரவேண்டியவள். கண்ணகியைப் பேணியதில் அவளிடம் குறையில்லை. கோவலனைக் கொன்றது அரசனின் தவறு. ஆயினும் அடைக்கலத்தைக் காக்கவில்லையே என்று அவள் தீயில் விழுந்தாள். அடைக்கல அறத்தின் உயர்வையும், அது தன்னைத்தானே தண்டிக்கத் தொடங்கினால் எவ்வளவு கொடியதாகும் என்பதையும் அவள் கதை ஒருசேரக் காட்டுகிறது. உறுப்பை இழந்தவர் மறுபடி டயாலிசிஸ் நாற்காலிக்குத் திரும்பும் நாளில், எந்த மருந்தை நிறுத்துவது, எதைப் படிப்படியாகக் குறைப்பது என்று மருந்தாளுநர் டாக்டரோடு சேர்ந்து பார்க்கிறார். அதே நேரத்தில், மருந்துக் குறிப்பேட்டைப் புரட்டி, 'நீங்கள் செய்யவேண்டியதைச் செய்தீர்கள்' என்று சான்றோடு சொல்லக்கூடியவரும் அவர்தான். அந்தச் சொல்லுக்கு மருத்துவமனையில் வேறு யாரிடமும் அவ்வளவு ஆதாரம் இருக்காது.

இருக்க வேண்டிய இடம்

அமெரிக்காவில் அரசுக் காப்பீட்டுப் பணம் பெறும் மாற்று மையங்களின் குழுவில் மருந்தியல் அறிந்தவர் இருக்கவேண்டும் என்று 2007-இல் விதி செய்யப்பட்டது. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டத்தின் கீழ் நீண்ட காலம் மருந்து தயாரிப்பும் வழங்கலுமே முதன்மையாக இருந்தன. நோயாளியைப் பார்த்துப் பயிலும் ஆறாண்டுப் படிப்பான ஃபார்ம்.டி. 2008-இல் தொடங்கப்பட்டது. படித்து வருபவர்கள் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் அவர்களுக்கு வார்டில் உட்கார உரிய பணியிடம் போதுமான அளவு உருவாகவில்லை. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது; அங்கும் அப்படியொரு பணியிடம் தேவை. மாற்று அறுவை மதுரையில் நடந்தாலும், அதன் பிறகான வாழ்க்கை நாரணாபுரத்திலும் சிவகாசியிலும்தான் நடக்கிறது. காய்ச்சல் வந்தால் நோயாளி முதலில் போவது பக்கத்து மெடிக்கலுக்கும் அரசு மருத்துவமனைக்கும். அங்கே அவருடைய மருந்துகளை அறிந்த ஒருவர் இல்லையென்றால், ஒரு டைக்ளோஃபெனாக் மாத்திரை பல ஆண்டு உழைப்பைக் கெடுத்துவிடும்.

உறுப்பு தானத்தில் முன்னணியில் நிற்கும் மாநிலம் தமிழ்நாடு. கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதை செய்யும் நாட்டில், பெற்றவர்களுக்குத் துணை நிற்கும் மருந்தாளுநர் ஒவ்வொரு மாற்று மையத்திலும் ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இருப்பது கொடுத்தவர்களுக்குச் செய்யும் இரண்டாம் மரியாதை. வீட்டிலோ தெருவிலோ மாற்று உறுப்போடு வாழும் ஒருவர் இருந்தால், அவருக்குத் தெரிந்தவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: எந்த மாத்திரையையும் கஷாயத்தையும் அவருக்குப் பரிந்துரைக்காதீர்கள், அவருடைய மருந்துச் சீட்டோடு மருத்துவமனை மருந்தாளுநரிடம் அழைத்துச் செல்லுங்கள்.